காத்திருக்காதே, சத்தம் போடாதே

வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்கும். மருந்துக்கடையோ, வங்கியோ, பல் மருத்துவரின் முன்னறையோ, எங்கே நிறுத்தினாலும் நிற்பேன். முன்னால் நிற்பவர் பையைக் குடைந்து சில்லறை தேடினால் பல்லைக் கடிக்க மாட்டேன். பின்னால் நிற்பவரின் மூச்சு கழுத்தில் பட்டாலும் திரும்பி முறைக்க மாட்டேன். இன்று காலை உங்கள் அலுவலக வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்ற காவலர் இரண்டு தடவை வந்து, "மேடம் இப்போ கூப்பிட்டுடுவாங்க சார்" என்றார். அவர் எனக்காகச் சங்கடப்பட்டதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பொறுமை இல்லாதவன் ஆத்திரத்தில் செய்த காரியம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என் பிழைப்பே காத்திருப்பதைப் பற்றியது. கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. திரையில் நீங்கள் பார்க்கும் எதுவும் அது இல்லை, ஆனால் நீங்கள் பார்ப்பதெல்லாம் அதன் தயவில்தான் ஓடுகிறது. யாருக்கு எப்போது முறை, யாருக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அது. அந்தப் பங்கீட்டில் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டு எல்லோரும் ஒரேயடியாக நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது நான். கல்யாண வயதில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு இதைச் சொன்னேன். பெண் கொடுக்க யோசித்தார்கள். பிறகு எனக்குப் பெண் கொடுத்த மாமா ஒருவர்தான், "லிஃப்ட் மாதிரிதானே மாப்பிள்ளை? நடுவுல நிக்காம பாத்துக்கணும்" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் வேலையை ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்ட முதல் மனிதர் அவர். அந்த மாமாவைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வருகிறேன்.

முதலில் ஒரு சாமான் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நான் உள்ளே போய், கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, சாமான்களை அடுக்குகிறேன். ஒரு காலிப் பெட்டி தேவைப்படுகிறது. உள்ளிருந்தபடியே குரல் கொடுத்து வேலையாளிடம் கேட்கிறேன். வீட்டில் காலிப் பெட்டி ஒன்றுகூட இல்லை. அவரோ இல்லை என்று சொல்லத் தெரியாத நல்லவர். நிறைந்த பெட்டி ஒன்றை எடுத்து, அதில் இருப்பதைச் சாமான் அறையில் கொட்டிவிட்டு, காலியானதை எனக்குத் தரலாம் என்று வருகிறார். கதவு தாழிட்டிருக்கிறது. நான் திறப்பேன் என்று அவர் வெளியே நிற்கிறார். பெட்டி வந்தால் வேலையை முடித்துவிட்டுத் திறக்கலாம் என்று நான் உள்ளே நிற்கிறேன். யாரும் தப்பு செய்யவில்லை, யாருக்கும் கோபமில்லை, இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்போம். இதைத்தான் டெட்லாக் என்கிறோம்.

இதிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது. தாழ்ப்பாள் உன் கையில் இருக்கும்போது எதையும் கேட்காதே. கேட்டே ஆக வேண்டுமென்றால், சாமான் அறைப் பக்கம் வராமல் கொண்டு வா என்று சொல்லிக் கேள். அதுவும் நடக்காதென்றால், இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் போ. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். "கேக்கறதுக்கு முன்னாடி கையில என்ன வச்சிருக்கோம்னு பாருங்கப்பா" என்பேன். என் முதுகுக்குப் பின்னால் அதை என் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனி வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவிகளைச் செய்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசைமேல் உட்காரும் அளவுதான் இருக்கும். உள்ளே இருக்கும் மெமரியும் கொஞ்சம்தான். ஒவ்வொரு மூச்சின் விவரத்தையும் அது ஒரு கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்தக் கார்டுதான் நான் சொன்ன சாமான் அறை. எழுதுகிற பகுதி கார்டைப் பூட்டிக்கொண்டு மெமரி கேட்டது. மெமரி கொடுக்கிற பகுதி, பழையதைக் கார்டில் எழுதினால்தானே இடம் கிடைக்கும் என்று அதே பூட்டுக்கு முன்னால் போய் நின்றது. மூச்சைத் தள்ளும் மோட்டாருக்குத் தனியாக ஒரு சிறு மூளை உண்டு, அதனால் அது நிற்கவில்லை. திரையும் அலாரமும்தான் உறைந்துபோயின.

இதைக் கண்டுபிடித்தது சோதனைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண். அவளை நாங்கள் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கருவி பிழையில்லாமல் ஓடினால் அவளுக்கு அன்று தூக்கம் வராது, ஏதோ மறைக்கிறது என்பாள். அவள் கண்டுபிடித்ததை நான் சரிசெய்தேன். கார்டைப் பூட்டிக்கொண்டிருப்பவர் மெமரி கேட்டால் கார்டுப் பக்கம் போகாதே என்று ஒரு குறி வைத்தேன். அலாரத்துக்கு மட்டும் கொஞ்சம் மெமரியை முன்கூட்டியே எடுத்துத் தனியாக வைத்தேன். வீடு பற்றி எரிந்தாலும் அந்தக் கையிருப்பை வேறு யாரும் தொட முடியாது. அலாரம் கேட்டால் இல்லை என்ற பேச்சே கிடையாது. இன்றைக்கும் ஊர் உலகத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த அலாரம் அடித்துக்கொண்டிருக்கிறது, எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். இதையும் எழுதிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். மாமாவுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூச்சு. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊழியரின் குடும்பத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் கருவியை இலவசமாகத் தருவார்கள். பதிலுக்கு, விற்பனைக்குப் போகாத புதிய மென்பொருளை அதில் நாம் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கருவி ஊழியர் பெயரில் இருக்கும். வேறு வீட்டுக்கு மாற்றவேண்டுமென்றால் ஊழியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி வந்து எடுத்துப்போய் வைத்துவிடும். அப்படித்தான் ஒன்று என் பெயரில் வந்தது, அதோடு மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருவைப் பார்த்த அறையை அவருக்குக் கொடுத்தோம். அது நான் உட்கார்ந்து வேலை செய்த அறை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். அதன் பிறகு காலையில் மட்டும் போனாள், அந்த நேரத்துக்கு ஒரு நர்ஸ் வந்தார். மதியத்திலிருந்து அவளே எல்லாம். அவளுடைய காது அலாரத்துக்குப் பழகிவிட்டது. கழுத்துக் குழாயையும் கருவியின் குழாயையும் சேர்க்கிற இணைப்பு, பெரிதாக இருமினால் கழன்றுவிடும். அலாரம் அடிக்கும், அவள் கைபேசியிலும் அடிக்கும். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரத்தோடு ஓடி வருவாள். மாட்டிவிட்டு, "என்னப்பா, எனக்கு வேலை வைக்கலைன்னா உங்களுக்குப் பொழுது போகாதா?" என்பாள். மாமா கண்ணால் சிரிப்பார். மூச்சு வெளியே வரும் நேரத்தில் இரண்டு இரண்டு வார்த்தையாகத்தான் அவரால் பேச முடியும்.

இந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வேறு நாடு. கெர்னல் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் நினைக்கவில்லை. காத்திருப்பதாகச் சொன்னேன். அவர்களும் வருஷக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொன்னார்கள். மனைவியிடம் சொன்னபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பாவை வச்சுக்கிட்டு எப்படிங்க?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. தனியாகப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். போயிருக்கலாம். நான் போனால் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் குறையாது என்று எனக்கு ஒரு எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஏன் அந்த எண்ணம் என்று சொல்கிறேன். அப்பாவும் பெண்ணும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் கதவருகில் போனதும் பேச்சு நின்றுவிடும். மாமாவுக்கு வார்த்தை ஒவ்வொன்றும் எவ்வளவு செலவு என்று எனக்குத் தெரியும். அவ்வளவு செலவு செய்து பேசுகிற விஷயத்தை என்னைக் கண்டதும் நிறுத்துகிறார் என்றால், அது என்னைப் பற்றியதுதானே? நான் கையில் தண்ணீர்க் குவளையோடு நிற்பேன். மனைவி, "ஒண்ணுமில்லீங்க, சும்மா பேசிட்டிருந்தோம்" என்பாள். ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் துறையில் இது பாலபாடம்.

மச்சான் வந்தாலும் இதே கதைதான். மனைவிக்கு அண்ணன், மரச்சாமான் கடை வைத்திருப்பவர். பெற்ற மகன் இருக்கும்போது மாமா ஏன் மகள் வீட்டில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. வாயால் கேட்கவில்லை. ஒரு நாள் அவர் ஹாலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"மாப்பிள்ளை, இந்த மெஷினை வேற எடத்துல வைக்கணும்னா உங்க கம்பெனில ஒத்துக்குவாங்களா?"

"கேக்கணும்" என்றேன்.

"கேட்டுப் பாருங்களேன். அவசரமில்ல."

என் கண்ணைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை. கருவியின் விலை என்ன என்று அதற்கு முந்தைய வாரம்தான் விசாரித்திருந்தார். இலவசமாக வந்த பொருளின்மேல் கண் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த முறை வந்தபோது, "கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார். "வேலை அதிகம்" என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். தங்கையோடு மாடியில் போய்ப் பேசிவிட்டுப் போனார். அன்று என் மனைவியின் கண் சிவந்திருந்தது. எனக்கு அவர்கள் எல்லோர்மேலும் பொறாமையாக இருந்தது. சேர்ந்து அழுவதற்கு அவர்களுக்கு ஏதோ இருந்தது.

ஆற அமர யோசித்தேன். ஒரு தாளில் வட்டம் போட்டேன். தலைமை அலுவலகம் எனக்காகக் காத்திருக்கிறது. நான் மனைவிக்காகக் காத்திருக்கிறேன். மனைவி அப்பாவுக்காக. அப்பா மகன் கூப்பிடுவான் என்று. மகன் எதற்காகவோ. அந்தக் கடைசி அம்பு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை, சோம்பேறித்தனம் என்று எழுதிக்கொண்டேன். யாரும் தப்பு செய்யவில்லை, யாருக்கும் கோபமில்லை. இதே படத்தை நான் அலுவலகப் பலகையில் பல தடவை வரைந்திருக்கிறேன். இப்படி நின்றுவிட்டால் ஒரே வழிதான் உண்டு. யாராவது ஒருவர் கேட்கும்போது இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

மெமரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் கெர்னலே அதைச் செய்யும். எது அதிகம் பிடித்து வைத்திருக்கிறது, எதை விட்டால் மற்றவை பிழைக்கும் என்று கணக்குப் போட்டு, ஒன்றை முடித்துவிடும். அந்தப் பகுதிக்கு எங்கள் துறையில் வைத்திருக்கும் பெயர் அவ்வளவு நல்ல பெயர் இல்லை, ஆனால் அதன்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. முடித்தபின் ஒரே நொடியில் எல்லாம் மறுபடி ஓடத் தொடங்குவதைப் பார்த்தால் உங்களுக்கே ஒரு நிம்மதி வரும்.

வீட்டுக் கருவிக்கு மட்டும் தனியாக ஒரு மென்பொருள் செய்தேன். வழக்கமாகப் புதியதை ஏற்றுகிறவன்தான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூச்சு விவரங்களை இன்னும் நெருக்கமாக எழுதச் சொன்னேன். அதனால் மெமரி எப்போதும் கழுத்துவரை நிறைந்திருந்தது. அலாரத்துக்கு ஒதுக்கியிருந்த கையிருப்பை எடுத்தேன். அலாரம் மெமரி கேட்கும் இடத்தில் இரண்டு குறிகளை வைத்தேன். நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் குறிகள்தான், நானாகக் கண்டுபிடித்ததல்ல. ஒன்றின் பொருள், காத்திருக்காதே. மற்றதன் பொருள், கிடைக்கவில்லை என்றால் சத்தம் போடாதே. டெட்லாக் வராமல் இருக்க இதைவிடச் சுத்தமான வழி இல்லை. கேட்கும், கிடைக்காது, மரியாதையாகத் திரும்பிப் போய்விடும்.

மோட்டாரை நான் தொடவில்லை. ஒரு மூச்சைக்கூட நான் குறைக்கவில்லை. இது எனக்கு முக்கியம்.

பிறகு காத்திருந்தேன். அதுதான் எனக்குத் தெரியுமே. அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் என்னை உற்றுப் பார்ப்பதாகத் தோன்றியது. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை வைத்துவிட்டு, "ஏங்க, அந்த மெஷின் விஷயம்…" என்று ஆரம்பித்தாள். "எந்த விஷயம்?" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவள் முகம் வாடிவிட்டது. "ஒண்ணுமில்ல, விடுங்க" என்றாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று இரண்டு நாள் அவளையே கவனித்தேன். மூன்றாம் நாள் மாமா என்னைக் கண்ணால் கூப்பிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாப்பிள்ளை" என்றார். மூச்சு உள்ளே போய் வந்தது. "நீங்க சொன்னா… போதும்." மறுபடி மூச்சு. "எனக்கு… வருத்தமில்ல."

என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, என் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் காலமெல்லாம் பேசிப் பேசியே பயம் தெளியவைத்தவர். அவரிடம் நான் மாட்டத் தயாராக இல்லை. "தூங்குங்க மாமா" என்று போர்வையை இழுத்துவிட்டேன். அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அது நடந்தது ஒரு மதியம். நல்ல வெயில். மனைவி துவைத்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். போகும்போது அவள் என்னிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருந்ததில்லை. அலாரத்தை நம்பித்தான் மாடி ஏறினாள். அதை எழுதியவன் அவள் கணவன் என்பதால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினாள்.

நான் ஹாலில் உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே மாமா இருமினார். அதன்பின் மோட்டாரின் ஒலி மாறியது. குழாய் கழன்றால் எதிர்ப்பு இல்லாமல் காற்று சுலபமாகப் போகும், ஒலி கொஞ்சம் லேசாகும். பழகாத காதுக்குத் தெரியாது. அலாரம் அடிக்கவில்லை. மெமரி கேட்டிருக்கும், கிடைத்திருக்காது, திரும்பியிருக்கும். நான் எழுதினபடியே அது நடந்துகொண்டது.

கொஞ்சநேரத்தில் தட்டும் ஓசை கேட்டது. மாமாவின் வலது ஆள்காட்டி விரலில் மட்டும் உயிர் மிச்சமிருந்தது. கட்டில் கம்பியில் நகத்தால் தட்டினார். முன்பு ஒரு முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார், லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் கத்தவே கூடாதாம். "கத்துனா மூச்சு வீணாப் போயிடும் மாப்பிள்ளை. நிதானமா தட்டணும். வெளிய ஆள் இருந்தா கண்டிப்பா கேக்கும்." நிதானமாகத்தான் தட்டினார். வெளியே நான் இருந்தேன், கேட்டது. பூட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்படி மெமரி கேட்காதீர்கள் என்று அந்தப் புதியவருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். காரணத்தையும் விளக்கி எழுதினேன். எழுதி முடித்தபோது தட்டல் நின்றிருந்தது. அதற்கப்புறமும் நான் எழுந்துபோகவில்லை. படித்துப் பார்த்து ஒரு சொல்லை மாற்றினேன்.

மனைவி காலி வாளியோடு இறங்கி வந்தாள். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். எனக்குக் காது கேட்கலையே, எனக்குக் காது கேட்கலையே என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான் அவளைப் பார்த்த பார்வையையும் நான் கவனித்தேன். அவளே அலாரத்தை அணைத்துவிட்டு மாடிக்குப் போயிருப்பாள், அலுத்துப்போயிருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். முதலில் உங்களிடம் வந்தவரே அவர்தானே. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவளை உட்காரவைத்துக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நீங்கள்கூட என்னைப் பார்த்து, "நல்ல மனுஷன் சார் நீங்க" என்றீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. காலம் போகப் போக அவளும் ஆறிவிடுவாள், இரண்டு பேரும் அந்த நாட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்கு. அந்த ஊர்க் குளிருக்கு அவளுக்கு ஒரு கோட்டுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

என்னைப் பிடித்தது நீங்கள் இல்லை, மன்னிக்க வேண்டும். கருவியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. அது சோதனைப் பிரிவில் 'சந்தேகத்தின்' மேசைக்குப் போனது. நான் பழைய மென்பொருளை ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஏற்றவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நன்றாக எழுதிய ஒன்றை அழிக்க மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து, அந்தக் கருவியைத் தள்ளுவண்டியில் வைத்து, அவளே தள்ளிக்கொண்டு என் இடத்துக்கு வந்தாள்.

"சார், எல்லா மெஷினையும் மெமரி நிரப்பி வச்சு ஓட்டிப் பாத்தேன். எல்லாம் அலறுது. உங்க வீட்டு மெஷின் மட்டும் ஏன் சார் இவ்வளவு அடக்க ஒடுக்கமா இருக்கு?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. என்மேல் அவளுக்கு மரியாதை உண்டு.

"கோட் பாத்தேன் சார். அலாரத்துக்குப் போய் அந்த ரெண்டு குறியையும் வச்சிருக்கீங்க. அவசரத்துல கை தவறி வேற எடத்துல வைக்க வேண்டியதை இங்க வச்சுட்டீங்க போல. பெரிய தப்பு சார் இது. உங்க வீட்டுலயே இப்படி ஆகணுமா… எப்படிச் சொல்றதுன்னே தெரியல. கை தவறுதல்னுதான் ரிப்போர்ட்ல போடப்போறேன்."

அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தாள் என்பது இப்போது புரிகிறது. தலையைக் கவிழ்த்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் இன்று நான் இங்கே இருக்க மாட்டேன். ஊரே எனக்காக வருத்தப்பட்டிருக்கும். ஆனால் இத்தனை வருஷ வேலையில் என் நிரலில் அப்படி ஒரு தப்பு இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. முதல் வருஷத்தில் இருப்பவன்கூட அந்த இரண்டு குறிகளை அலாரத்தில் வைக்க மாட்டான். கை தவறியது என்று அவள் எழுதினால் என் பெயருக்கு எதிரே அது காலத்துக்கும் நிற்கும்.

"அது தப்பு இல்ல" என்றேன். "யோசிச்சுத்தான் வச்சேன். சரியா வேலை செஞ்சுது."

அவள் தள்ளுவண்டியின் பிடியை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனாள். பாவம், எத்தனையோ சந்தேகப்பட்டவள், இதைச் சந்தேகப்படவில்லை.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். மாமா இறந்தது விபத்தல்ல, என் மனைவியின் கவனக்குறைவும் அல்ல. நான் செய்தது. வேண்டுமென்றே செய்தேன், நிதானமாகச் செய்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இன்றும் அவரைப் பற்றி நினைத்தால் நல்லதாகத்தான் நினைக்கிறேன். எல்லோரும் நின்றுபோயிருந்தார்கள், யாராவது ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

சற்று முன் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள்.

"உங்க மச்சான் போன வருஷமே வீட்டுல ஒரு ரூம் ரெடி பண்ணி வச்சிருக்காரு சார். கட்டில்கூட அவரே செஞ்சிருக்காரு. பெரியவரும் போறேன்னு சொல்லிட்டாராம். மெஷின் உங்க பேர்ல இருக்கறதால நீங்க ஒரு வார்த்தை சொன்னாதான் ஆகும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ரொம்ப நெருக்கி உங்களைக் கேக்கவும் பெரியவர் விடலையாம். 'மாப்பிள்ளை ரூமையே விட்டுக்கொடுத்து வச்சிருக்காரு, நாமளா கெளம்புறோம்னு சொன்னா மனசு நொந்துபோவாரு. அவரே வாயைத் தொறக்கட்டும்'னு சொன்னாராம். பெரியவர் அங்க போனதும் உங்க கூட அந்த நாட்டுக்கு வர்றதா உங்க வொய்ஃப் முடிவு பண்ணிட்டாங்களாம் சார்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். எதற்காகப் பார்த்தீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு தாள் கேட்டேன், கொடுத்தீர்கள். வட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். மகனிடமிருந்து கிளம்பும் அந்தக் கடைசி அம்பு எங்கே போக வேண்டும் என்று, 'நான்' என்று எழுதியிருந்த இடத்தில் நீங்கள் விரலை வைத்துக் காட்டினீர்கள். நீங்கள் எங்கள் துறைக்குப் புதியவர், அப்படித் தோன்றுவது இயல்புதான். கேட்பதற்கு முன்னால் கையில் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்கச் சொல்லி எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல் இருப்பேனா? அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். என் கையில் ஒன்றும் இல்லை. மெஷின் என் பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

கீழே இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன். வாழ்க்கையில் இதுவரை நான் யாரையும் காக்க வைத்ததில்லை.